நாய்ப்பால் குடித்த ராஜா

கேள்வி: பாரசீகப் பேரரசன் சைரஸை ஒரு நாய்தான் பால் கொடுத்து வளர்த்தது என்று மகன் எங்கோ வாசித்துவிட்டு வந்து நிற்கிறான். உண்மையா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நாய் இல்லையம்மா, நாய் என்று பெயர் கொண்ட பெண். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிற கதையில், பாரசீகர்களை அப்போது ஆண்ட மேதிய இனத்து அரசன் அஸ்டியாஜஸ் தன் மகள் வயிற்றிலிருந்து திராட்சைக்கொடி கிளம்பி ஆசியா முழுக்கப் படர்வதாகக் கனவு கண்டு மிரண்டுபோய், பிறந்த பேரன் சைரஸைக் கொல்லச் சொல்லி ஹார்பகஸ் என்ற பிரபுவிடம் கொடுக்கிறான். அந்த ஆளோ பாவம் நமக்கு வேண்டாம் என்று ஒரு மாட்டிடையன் தலையில் கட்டிவிடுகிறான். இடையனின் மனைவிக்கு அந்நேரம் பார்த்துக் குழந்தை செத்துப் பிறந்திருக்கிறது. செத்ததைக் காட்டில் போட்டுவிட்டு உயிருள்ளதை வைத்துக்கொள்கிறார்கள். அவள் பெயர் ஸ்பாகோ. மேதிய மொழியில் ஸ்பாகா என்றால் நாய். பிறகு சைரஸின் பெற்றோரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நாய்க்கதையைப் பரப்பினார்களாம், பிள்ளை தெய்வச் செயலால் பிழைத்தவன் என்று சனம் நம்பட்டும் என்று!

குட்டு உடைந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 10 வயதில் ஊர்ப் பிள்ளைகளோடு ராஜா விளையாட்டு. சொல் கேட்காத பிரபு வீட்டுப் பையனுக்கு இவன் நிஜமாகவே சவுக்கடி கொடுக்க, முறைப்பாடு அரசனிடம் போகிறது.

கம்சன் கதை மாதிரி இருக்கிறதே என்பீர்கள். மகனின் வரலாற்றுப் பாடத்திலும் பாருங்கள்: மாமன்மாருக்குப் பயந்து தாய் பிள்ளையை மாற்றிக்கொடுக்க, பண்டைய இலங்கை அரசன் பண்டுகாபயனும் இடையன் வீட்டில்தான் வளர்கிறான்.

கேள்வி: பாரசீகத்தை ஆண்ட அகாமனிசிய வம்சத்துக்குப் பெயர் தந்த அகாமனிஸ் உண்மையில் இருந்தவரா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: எனக்குச் சந்தேகம்தான். அவரைக் கழுகு வளர்த்தது என்று ஒரு கதை உண்டு, அதை விடுங்கள். 1879இல் பாபிலோனில் கிடைத்த, ஒரு சாண் நீளக் களிமண் உருளையில் சைரஸ் தன் முன்னோரைச் சொல்லும்போது தெய்ஸ்பெஸ் என்பவரோடு நிறுத்திவிடுகிறான். அகாமனிஸ் பேச்சே இல்லை. கி.மு. 522இல் ஆட்சியைப் பிடித்த பாரசீக அரசன் டேரியஸ்தான் ஈரானிலுள்ள பெகிஸ்தூன் மலைப்பாறையில் தெய்ஸ்பெஸுக்குத் தகப்பனாக அகாமனிஸை வைத்து, அந்த வழியில் தன்னையும் சேர்த்து, எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் 8 பேர் அரசர், நான் 9ஆவது என்று வெட்டி வைக்கிறான். சரி, பரம்பரைச் சொத்து என்றால் அது தகப்பன் வழியாகத்தானே வரவேண்டும்? டேரியஸ் அரசனானபோது அவன் தகப்பனும் பாட்டனும் இருவருமே உயிரோடு இருந்தார்கள். அப்படியானால் ஆட்சி அவர்கள் வழியாக வந்த சொத்தல்ல. இதையும் அவனே சூசா கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.