சிறு பண்ணைகளை இணைத்துப் பெரிதாக்கும் அரசுக் கொள்கை விவசாயிக்கு நல்லதா?

எந்த இணைப்பு என்பதைப் பொறுத்தது. ஒரே குடும்பத்துக்குச் சிதறிக் கிடக்கும் வயல்களை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுப்பதை ஆதரிக்கிறேன். பல பேருடைய நிலத்தை ஒருவர் கையில் சேர்ப்பதை எதிர்க்கிறேன்.

முதல் வகைக்குப் பஞ்சாப் நல்ல உதாரணம். 1948-ல் சட்டம் கொண்டுவந்து, சிதறிய வயல்களைப் பரிமாறிச் சேர்ந்தாற்போல் கொடுத்தார்கள். நிலம் ஓரிடத்தில் அமைந்ததால் ஆழ்துளைக் கிணறு போடுவது கட்டுப்படியானது. பசுமைப் புரட்சி அங்கே சீக்கிரம் வேர்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் அதை அப்படியே செய்வது கஷ்டம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இங்கே சராசரி நிலமே 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதிலும் பலருக்குக் கொஞ்சம் நஞ்சை, கொஞ்சம் புஞ்சை. ஒரே கண்மாய்ப் பாசனம்தான் என்றாலும் மடைக்குப் பக்கத்து வயலும் கடைமடை வயலும் ஒரே மதிப்பா? கிணற்றில் பங்காளிகளுக்குப் பாத்தியதை, கரண்ட் சர்வீஸ் அப்பா பெயரில், பட்டா இன்னும் தாத்தா பெயரில். இவற்றைத் தீர்க்காமல் நிலத்தை மாற்றிக் கொடுக்கப் போனால் ஊரே கோர்ட்டுக்கு அலையும்.

அதனால்தான் 2017-18-ல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் அடிப்படை எனக்குச் சரியாகப் படுகிறது. நிலம் அவரவரிடமே இருக்கும். 100 சிறு, குறு விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்வார்கள். பண்ணைக் கருவிகள் வாங்கக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் கருவியோடு நின்றுவிட்டால் பலன் குறைவு. அறுவடை நேரத்தில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் மெஷின் வேண்டும். நூறு பேரின் விளைச்சலைச் சேர்த்து வியாபாரியிடம் விலை பேசுவதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது. குழுவின் வெற்றியை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது வகையில் எனக்குப் பெரிய கவலை வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வாய்ப்பேச்சிலேயே உழுபவர்கள் ஏராளம். நிலத்துக்காரர் வெளியூரில் இருந்துகொண்டு மொத்தமாக ஒரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், காலங்காலமாக உழுதவருக்குக் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. நடவு, களையெடுப்பை நம்பியிருக்கும் பெண்களின் கூலியும் மெஷினோடு போகும்.

எந்த இணைப்புத் திட்டமானாலும், தொடங்கும் முன் அந்த ஊரில் உண்மையில் உழுபவர் யார் என்று அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்க் கணக்கில், பதிய வேண்டும். அதைச் செய்யாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.