வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: தரைத்தளக் கூடத்துக்கும் அறைக்கும் நடுவே ஓடும் பிளிந்த் பீமின் (தரைமட்டத்தில் சுவர்களுக்கு அடியில் ஓடும் காங்கிரீட் உத்தரம்) மேல் டைல்ஸ் முதுகுபோல் மேடாக நிற்கிறது. பீமைக் கொத்திவிடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: கொத்த வேண்டாம். கம்பிக்கு மேல் இருக்கும் காங்கிரீட் கவர் ஓர் அங்குலம்தான். அதைக் கொத்தினால் உப்புக்காற்றும் ஈரமும் கம்பியைத் தொடும்; துரு கம்பியைவிடப் பருமன் கூடியது, பீமையே பிளந்துவிடும்.

பெரும்பாலும் பீம் மேலே வருவதில்லை. இருபுறமும் கொட்டிய மணல்தான் இறங்குகிறது. எங்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க, டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாய்) தண்ணீர் நிரப்பி, பீமிலிருந்து அடிக்கு அடி அளந்து சுவரில் குறியுங்கள். பீம் ஓரம் விரிசலோடு துருக்கறை தெரிந்தால் கதை வேறு, பொறியாளரை அழையுங்கள்.

டைல்ஸைத் தட்டும்போது பெரும்பகுதி 'டொப் டொப்' என்றால் அடியில் வெற்றிடம். டைல்ஸையும் பழைய தளத்தையும் எடுத்துவிட்டு, மணலை 6 அங்குல அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து, 4 அங்குலம் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) ஜல்லித்தளம் போடுங்கள். தளம் கெட்டியாக இருந்து பள்ளம் முக்கால் அங்குலம்தான் என்றால், டைல்ஸை மட்டும் பெயர்த்து 1:4 சிமென்ட்–மணல் கலவையால் நிரப்பினால் போதும். பீமை நெருங்க நெருங்கக் கலவை மெலியும். கால் அங்குலத்துக்குக் கீழே சாதாரணக் கலவை அப்பளமாகப் பெயரும். அந்த இடத்துக்கு எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (கலவையின் பிடிப்பைக் கூட்டும் பால் போன்ற திரவம்) சேர்த்த கலவை.

கடல்மணலும் உவர்க்கிணற்று நீரும் கூடவே கூடாது. லாரித் தண்ணீர் வாங்குங்கள். தரை உயர்வதால் கதவின் அடி இடிக்கும், முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.