லித்தியம் மாத்திரை மூளை செல்லை கருக்கிடுமா? மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் வணக்கம். என் தம்பிக்கு 27 வயசு. ஆறு மாசத்துக்கு முன்னாடி நாலு நாளா தூக்கமே இல்ல, பேச்சு நிக்கல, கடன வாங்கி ரெண்டு பைக் புக் பண்ணிட்டான். பைபோலார்னு சொல்லி லித்தியம் மாத்திரை குடுத்தாங்க. இப்ப நல்லா இருக்கான், வேலைக்கும் போறான். ஆனா எங்க சித்தப்பா "அது பேட்டரியில போடற சாமான், மூளை செல்லெல்லாம் கருகிடும், நிறுத்துங்க"ன்னு தினமும் சொல்றாரு. தம்பிக்கு கை வேற லேசா நடுங்குது. நிறுத்திடலாமா? (கோவில்பட்டியில இருந்து ஒரு அக்கா)

பதில்: நிறுத்தாதீங்கம்மா. முதல்ல அத சொல்லிடறேன். லித்தியத்த திடீர்னு நிறுத்துனா கொஞ்ச மாசத்துலயே மறுபடி மேனியா (உங்க தம்பிக்கு வந்த மாதிரி தூக்கமில்லாம, பேச்சு நிக்காம துள்ளற நிலை) வர்றத நான் நிறைய பாத்திருக்கேன், தற்கொலை எண்ணம் வர்ற ஆபத்தும் கூடும், அதனால குறைக்கறதா இருந்தா டாக்டர் பாத்து படிப்படியா குறைக்கட்டும், வீட்டுல முடிவு பண்ண வேணாம்.

பேட்டரியில இருக்கறதும் லித்தியம்தான், சித்தப்பா சொன்னதுல அது வரைக்கும் சரி. ஆனா சோடியம் உலோகத்த தண்ணியில போட்டா தீப்பிடிக்கும், அதே சோடியம்தான் நம்ம சாம்பார்ல போடற உப்புலயும் இருக்கு, அதுக்காக உப்பு நம்மள எரிச்சிடுதா என்ன. மாத்திரையில இருக்கறது லித்தியம் கார்பனேட்ங்கற ஒரு உப்பு. லித்தியமும் சோடியமும் ஒரே குடும்பம், அதனாலதான் மூளை செல்லுல சோடியம் நுழையற வாசல் வழியாவே இதுவும் உள்ள போயிடுது. மனநல மாத்திரைகள்ல நிறைய செல்லோட வெளிப்பக்கத்துல வேலைய ஆரம்பிக்கும், லித்தியம் நேரா உள்ளயே போய் உக்காந்து வேலை செய்யும், அதான் இதோட விசேஷம்.

உள்ள போய் என்ன பண்ணுது? அளவுல மெக்னீசியம் மாதிரி இருக்கறதால, மெக்னீசியம் உக்கார வேண்டிய எடத்துல இது உக்காந்து ரெண்டு முக்கியமான என்சைம்கள (செல்லுக்குள்ள வேலைய நடத்தி வைக்கற புரதங்கள) மந்தமாக்கும். முதல்ல இனோசிடால் கதைய சொல்றேன். ஒரு செல்லுக்கு வெளியில இருந்து தகவல் வந்தா, அத உள்ள கடத்தறதுக்கு இனோசிடால்ங்கற பொருள் வேணும், அதுல இருந்து உண்டாகற சிக்னல் போய் கால்சியத்த தெறந்து விடும், செல்லு சுறுசுறுப்பாகும். இனோசிடால் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள ரொம்ப கம்மியாதான் வரும், அதனால செல்லு பழசையே கழுவி கழுவி திரும்ப பயன்படுத்திக்கும். கல்யாண பந்திய நெனச்சு பாருங்க. எச்சில் தட்டு உள்ள போகுது, கழுவி அடுத்த பந்திக்கு வெளிய வருது. தட்டு கழுவற ஆளுதான் முதல் என்சைம், லித்தியம் அவர கொஞ்சம் மெதுவாக்குது. இருபது பேரு சாப்பிடற வீட்டு விசேஷத்துல இதனால ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா ஆயிரம் பேருக்கு நிக்காம பந்தி போய்கிட்டே இருந்தா தட்டு பத்தாம அடுத்த பந்தி தானா தள்ளிப்போகும். அதே மாதிரி, அளவுக்கு மீறி கொதிச்சுகிட்டு இருக்கற செல்லைத்தான் லித்தியம் அதிகமா அடக்குது, சும்மா இருக்கற செல்லை பெருசா தொடறதில்ல. 1980கள்லயே ஆராய்ச்சியாளர்கள் முன்வெச்ச விளக்கம் இது, இன்னும் விவாதத்துல இருக்கு, எனக்கு இது மனசுக்கு ரொம்ப பிடிச்ச விளக்கம்.

ரெண்டாவது என்சைம் பேரு ஜி.எஸ்.கே. 3. லித்தியம் இத அடக்கும்னு 1996ல கண்டுபிடிச்சாங்க. செல்லைக் காப்பாத்தற, வளர்க்கற புரதங்கள் உண்டாகறதுக்கு இந்த என்சைம் ஒரு பிரேக் மாதிரி. லித்தியம் அந்த பிரேக்க தளர்த்தி விட்டதும் செல்லோட உட்கருவுல சில ஜீன்கள் முழிச்சுக்குது, பி.டி.என்.எஃப்.ங்கற ஊட்டப்புரதம், செல்லு சாகாம தடுக்கற பி.சி.எல். 2 எல்லாம் கூடுது. லித்தியம் எடுக்கறவங்களோட ஸ்கேன்ல மூளையோட சாம்பல் நிறப்பகுதி கூடியிருக்கறதா 2000ல இருந்தே ஆய்வுகள் வந்திருக்கு. அதாவது சரியான அளவுல இருந்தா நடக்கறது கருகறதுக்கு நேர் எதிர். நம்ம உடம்புக்குள்ள ஓடற பகல் இரவு கடிகாரத்தையும் இந்த என்சைம்தான் தொடுது, உங்க தம்பி இப்ப ராத்திரி ஒழுங்கா தூங்கறாருன்னா அதுல இதுக்கும் பங்கு இருக்கலாம். போட்ட அன்னிக்கே பலன் தெரியாது, ஒண்ணு ரெண்டு வாரம், சிலருக்கு இன்னும் மேல ஆகும், ஜீன் வரைக்கும் போய் மாத்த வேண்டியிருக்கறது அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்.

லித்தியத்தப் பத்தின பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கு, அதையும் மறைக்க வேணாம். ஜான் கேட்ங்கற ஆஸ்திரேலிய டாக்டர் 1949ல பத்து மேனியா நோயாளிகளுக்கு இத குடுத்து பலன எழுதினாரு. அதே சமயத்துல அமெரிக்காவுல இதய நோயாளிகளுக்கு சமையல் உப்புக்கு பதிலா லித்தியம் குளோரைட வித்தாங்க, கண்டபடி போட்டு சாப்பிட்டு சில பேரு இறந்தே போனாங்க. அப்பல்லாம் ரத்தத்துல அளவ பாத்து குடுக்கற வழக்கம் இல்ல. அது வந்த பிறகு 1970ல அங்கயே இத மருந்தா அனுமதிச்சாங்க.

அதனால உங்க சித்தப்பா பயப்பட வேண்டிய எடம் அளவுதான். ரத்த ரிப்போர்ட்ல லித்தியம் 0.6ல இருந்து 1.0க்குள்ள இருந்தா நல்லது, 1.5ஐ தாண்டினா விஷம், இடைவெளி அவ்ளோ குறுகல். எங்கிட்ட பதினஞ்சு வருஷமா லித்தியத்துல நல்லா இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, சித்திரை வெயில்ல முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்ல டைக்குளோஃபினாக் வாங்கி பத்து நாள் போட்டிருக்காரு. கிளினிக்குக்கு செவுத்த புடிச்சுகிட்டே வந்தாரு, டீ டம்ளர ரெண்டு கையால புடிச்சும் சட்டையெல்லாம் டீ, நாக்கு குழறுது, பக்கவாதம்னு நெனச்சு வீட்டுல அழுதுகிட்டு இருந்தாங்க. லித்தியம் 2.1. அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தி சரியாச்சு, இப்பவும் அதே மாத்திரைலதான் நல்லா இருக்காரு. அந்த வலி மாத்திரை கிட்னி லித்தியத்த வெளிய தள்ளவிடாம பண்ணிடுச்சு, அவ்ளோதான்.

அதனால வலின்னா பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுப்ரோஃபென், டைக்குளோஃபினாக், புதுசா பிபி மாத்திரை எதுவா இருந்தாலும் டாக்டர கேக்காம வேணாம். உப்ப திடீர்னு குறைக்காதீங்க, ஏன்னா உப்பு குறைஞ்சா கிட்னி சோடியம்னு நெனச்சு லித்தியத்தையும் சேத்து புடிச்சு வெச்சுக்கும். தண்ணி நல்லா குடிக்கணும். வாந்தி பேதின்னா அடுத்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. நடை தள்ளாடுது, பேச்சு குழறுது, ஆளு மந்தமாயிட்டாருன்னா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் லித்தியம் எடுக்கறாருன்னு முதல்லயே சொல்லுங்க.

தம்பிக்கு இருக்கற லேசான நடுக்கம் நிறைய பேருக்கு வர்றதுதான், அளவ சரிபண்ணியோ வேற மாத்திரை சேத்தோ குறைக்கலாம், ஆனா முன்ன விட கூடியிருந்தா உடனே ரத்தம் பாக்கணும். ராத்திரி 9 மணிக்கு மாத்திரை போட்டா மறுநாள் காலைல 9 மணிக்கு, காலை மாத்திரைய போடாம போய் ரத்தம் குடுங்க, பன்னெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாதான் அந்த நம்பருக்கு அர்த்தம். கூடவே கிரியேட்டினின் (கிட்னிக்கு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), கால்சியமும் பாத்துடுங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா இந்த மூணையும் பாக்கணும், உங்களுக்கு இப்ப சரியா ஆறு மாசம் ஆச்சு. ரிப்போர்ட் வந்ததும் சித்தப்பாவையும் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போங்க, அவரு கேக்கறதெல்லாம் அங்கயே நேரா கேக்கட்டும்.