நாவல் பாதியில் நின்றுவிட்டால்

கேள்வி: எனக்கு வயது 44. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். நான் வளர்ந்த நெசவாளர் தெருவை வைத்து மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். 38,000 சொற்கள் ஆகிவிட்டன. அப்பா தறியை விற்கும் இடத்தில் எட்டு மாதங்களாக அப்படியே நிற்கிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் பதினோரு முறை திருத்திவிட்டேன். இதை முடிப்பது எப்படி? பெயர் வாங்கும் ஆசையில்தான் எழுதுகிறேனோ என்ற கூச்சமும் இருக்கிறது. எழுதிய வரைக்கும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?

பதில்: கூச்சத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல், மனிதர்கள் எழுதுவதற்கான காரணங்களை வகுத்தபோது முதலில் வைத்ததே தன்முனைப்பைத்தான்: நாலு பேர் தன்னைப் பற்றிப் பேச வேண்டும், செத்த பிறகும் நினைக்க வேண்டும் என்ற ஆசை. சொல்லழகின் மீதான ஈடுபாடு, உள்ளதை உள்ளபடி பதிந்துவைக்கும் விருப்பம், அரசியல் நோக்கம் ஆகியவை அதற்குப் பிறகே வருகின்றன. முன்சீப்பாக வேலை பார்த்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ, 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலின் முன்னுரையில், தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்றார். இவற்றில் எதுவும் இழிவான காரணம் அன்று. ஆனால், நாவலைத் தொடங்கிவைத்த காரணமே அதைக் கடைசி அத்தியாயம் வரை இழுத்துச் செல்லும் என்று நம்பிவிடக் கூடாது.

உங்கள் சிக்கல் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உங்களை எழுத உட்காரவைத்தது ஆர்வெல் சொன்ன மூன்றாவது காரணம்; தறிச் சத்தமும், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவதும் (தறிக்கான நீளவாட்டு நூலை இழுத்துக் கட்டுவதும்) நீங்கள் கண்ணால் கண்டவை. தறி விலைபோனதோடு நீங்கள் கண்டது தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் புனைய வேண்டியிருக்கிறது. அதற்குக் கை இன்னும் பழகவில்லை என்பதால், பழகிய இடமான முதல் அத்தியாயத்துக்கே திரும்பத் திரும்ப ஓடுகிறீர்கள். சொந்த வாழ்க்கையை ஒட்டிய முதல் நாவல்களின் கைப்பிரதிகளை நெடுங்காலமாகப் படித்துவருகிறேன். பாதியில் நின்றவற்றில் பலவும் நினைவு தீர்ந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

எனவே நீங்கள் அடுத்து எழுத வேண்டியது, நீங்கள் பார்க்காத ஒரு காட்சியை. தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று இரவு, வீட்டுக்குள் தறிக்குழி மட்டும் வெறுமனே கிடக்கிறது. அம்மா அறுந்த இழைகளைக் கூட்டி அந்தக் குழிக்குள் தள்ளுகிறாரா, அல்லது பலகைகளைப் போட்டு மூடி அதன்மேல் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கிறாரா? இழைகளைத் தள்ளுகிறவர் ஒருத்தி, பாய் விரிக்கிறவர் வேறொருத்தி. அடுத்த அத்தியாயங்களில் அவர்கள் செய்யப்போகும் காரியங்களும் வேறு. வீட்டில் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்காமல் நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி நடைமுறை. முதல் அத்தியாயத்தைத் தனிக் கோப்பாக்கி, வரைவு முடியும்வரை திறக்காதீர்கள். அன்றன்று எழுத உட்காரும்போது முந்தைய நாளின் கடைசிப் பக்கத்தை மட்டும் படியுங்கள். தெரியாத தகவல் குறுக்கிட்டால், ‘[கூட்டுறவுச் சங்கக் கூலி எவ்வளவு? கேட்க வேண்டும்]’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். நடுவில் ஒரு பாத்திரத்தின் பெயரையோ வயதையோ மாற்றத் தோன்றினால் அந்த இடத்திலிருந்து மாற்றி எழுதுங்கள், பின்னோக்கிப் போய்த் திருத்த வேண்டாம்.

எவ்வளவு எழுதுவது என்பதில் பலர் தேவையில்லாமல் மிரண்டுபோகிறார்கள். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய நாவல் எழுதும் மாத இயக்கம், நவம்பரின் 30 நாட்களில் 50,000 சொற்கள், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் என்று இலக்கு வைத்தது. அது ஆங்கிலக் கணக்கு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் கேட்கும் இடத்தைத் தமிழில் ‘வீட்டிலிருந்துதான்’ என்ற ஒரே சொல் முடித்துவிடும். அந்த இலக்கை அப்படியே எடுத்துக்கொள்வது வீண் தண்டனை. உங்கள் நாவல் 70,000 சொற்களில் முடியும் என்று வைத்துக்கொண்டால் மீதி 32,000. நாளுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு ஆறு நாட்கள் என்று எழுதினால் பதினெட்டு வாரங்களில் முடித்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதிக் குவித்தவர். உங்களுக்கு அந்த வேகம் வேண்டாம். அலுவலகம் கிளம்பும் முன் அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

பதிப்பகத்துக்கு இப்போது அனுப்பாதீர்கள். புது எழுத்தாளரின் பாதி நாவலை வைத்து எந்தப் பதிப்பாசிரியரும் முடிவெடுக்க முடியாது. பதிலுக்காகக் காத்திருக்கும் சாக்கில் நீங்கள் இன்னும் எட்டு மாதங்கள் எழுதாமல் இருப்பீர்கள். முழு வரைவும் முடிந்த பிறகு ஒன்றரை மாதம் அதைத் தொடாமல் வைத்திருந்து, அதன் பின் அந்தத் தெருவையே அறியாத ஒருவரிடம் முதலில் படிக்கக் கொடுங்கள். பன்னிரண்டாவது முறையாக முதல் அத்தியாயத்தைத் திருத்துவதென்றால் அவர் படித்து முடித்த பிறகு திருத்துங்கள்.