பழைய பிரிட்டிஷ் இரட்டைக் குழல் கேப் துப்பாக்கியை எப்படி இனங்காண்பது?

சுத்தி விழும் காம்பின் மேல் செப்புக் கேப்பு (அடிபட்டதும் வெடிக்கும் மருந்து வைத்த சிறு மூடி) பொருத்திச் சுடும் இவ்வகைத் துப்பாக்கி உண்மையிலேயே பிரிட்டனில் செய்யப்பட்டதா என்பதை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்வில் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். செப்புக் கேப்பு பரவியது அதற்குப் பின்னர்தான்.

குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் ‘லண்டன்’ என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பர்மிங்காமில் செய்த பல துப்பாக்கிகளிலும் அந்தப் பெயர் உண்டு. கட்டையிலிருந்து குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடத்தின் கீழ் ‘ஜிபி’, ‘வி’ என்ற ஆங்கில எழுத்துகள் தனித்தனி முத்திரைகளாக இருந்தால் அது லண்டன் சோதனை, அதாவது குழல் வெடிக்காமல் தாங்குமா என்று அங்கே சுட்டுப் பார்த்ததற்கான அடையாளம். கிரீடத்தோடு குறுக்கிட்ட இரு செங்கோல்கள் இருந்தால், 1813இல் சட்டப்படி நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையின் சோதனை. இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலில் சுருள்சுருளான கோலம் தெரியும். அதைப் பளபளவென்று தேய்த்து மெருகேற்றியிருந்தால் என் கணக்கில் மதிப்பு பாதிதான்.

கையிலெடுத்ததும், வாய்ப்பக்கம் முகத்தை நீட்டாமல், கெட்டிக்கும் கோலை ஒவ்வொரு குழலிலும் அடிவரை இறக்கி, அந்த நீளத்தை வெளியே காம்பு வரை வைத்து ஒப்பிடுங்கள். சில அங்குலம் குறைந்தால் பழைய மருந்தும் ரவையும் இன்னும் உள்ளே இருக்கலாம்.