ஊரில் ஓட்டு, சென்னையில் வீடு: பெயரை மாற்றினால் ரேஷன் கார்டு போய்விடுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஆறு வருடமாகப் பள்ளிக்கரணையில் வாடகை வீட்டில் குடும்பத்துடன் இருக்கிறேன். ஓட்டு ஊரில்தான் இருக்கிறது. 2024 தேர்தலுக்கு பஸ் டிக்கெட் கிடைக்காமல் போக முடியவில்லை. ஓட்டை இங்கே மாற்றினால் ஊர் வீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் சிக்கல் வரும் என்று அம்மா பயப்படுகிறார். பக்கத்து பிரவுசிங் கடைக்காரர், முதலில் ஊரில் பெயரை நீக்கிவிட்டு இங்கே புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி 500 ரூபாய் கேட்கிறார். மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு எங்கே பதிவது?

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். வாக்காளர் பட்டியலுக்கும் ரேஷன் கார்டுக்கும் சம்பந்தம் இல்லை. பட்டாவுக்கும் வீட்டு வரிக்கும் கூட இல்லை. சொல்லப்போனால், ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வாக்காளராக இருக்க முடியாது என்றுதான் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டு. ஆறு வருடமாக நீங்கள் பள்ளிக்கரணைக்காரர்.

கடைக்காரர் சொன்ன வழியில் மட்டும் போய்விடாதீர்கள். பெயரை நீக்கப் படிவம் 7, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6 என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால், ஊரில் பெயர் போய், இங்கே மனு நிலுவையில் கிடக்கும்போதே தேர்தல் வந்துவிடலாம். படிவம் 7 கொடுக்காமல் 6 மட்டும் கொடுத்தால் இரண்டு இடத்திலும் பெயர் வரும். அது சட்டப்படி கூடாது. அதோடு, படிவம் 6-இல் ‘என் பெயர் வேறு எந்தப் பட்டியலிலும் இல்லை’ என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். அது பொய் என்றால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கையெழுத்து உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல.

உங்களுக்கு வேண்டியது படிவம் 8 மட்டும்தான். 2022 ஆகஸ்ட் முதல் எந்தத் தொகுதிக்குக் குடிபெயர்ந்தாலும் அதே படிவம்தான். புது முகவரியில் சேர்ப்பதும் பழைய இடத்தில் நீக்குவதும் அந்த ஒரே மனுவில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது. ‘வோட்டர்ஸ் டாட் இ.சி.ஐ. டாட் கவ் டாட் இன்’ தளத்தில் நீங்களே போடலாம். இல்லையென்றால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், அதாவது பி.எல்.ஓ.விடம், தாளில் கொடுக்கலாம். உங்கள் மொபைல் எண்ணையே கொடுங்கள். இடைத்தரகர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் குறுஞ்செய்தி எல்லாம் அவர்களுக்குப் போகும், மனு என்ன ஆனது என்று கேட்க மறுபடி அவர்களிடமே போக வேண்டியிருக்கும். கட்சிக்காரர் கட்டாக வாங்கிப் போகும் படிவங்களிலும் கவனம் வேண்டும். மனு எண் உங்கள் கையில் இல்லையென்றால், மனு கொடுத்ததற்கே ஆதாரம் இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு முகவரிச் சான்றுதான் பெரிய தலைவலி. ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய எந்த வீட்டுக்காரர் சம்மதிக்கிறார்? மின் கட்டண ரசீதோ அவர் பெயரில் இருக்கும். அதனால் அந்தப் பக்கமே போகாமல், ஆதாரிலோ வங்கி பாஸ்புக்கிலோ முகவரியை மாற்றிவிட்டு அதைக் கொடுங்கள். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எதுவும் தேவையில்லை.

ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள்: ஊர்ப் பட்டியலில் உங்கள் பெயர் இப்போதும் இருக்கிறதா? 2025 டிசம்பரில் வந்த தமிழக வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. அவற்றில் 66 லட்சத்துக்கு மேல் ‘குடிபெயர்ந்தோர்’ கணக்கு. உங்கள் பெயரும் அதில் போயிருந்தால் படிவம் 8 செல்லாது, 6-தான் கொடுக்க வேண்டும். வாக்காளர் அட்டை பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை என்று எதையாவது காட்டிப் போடலாம். பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் 2019 முதல் ஏற்பதில்லை.

இனி மகள். ஹாஸ்டல் மாணவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. அது பலருக்குத் தெரியாததால் விரிவாகவே சொல்கிறேன். பெற்றோர் வீட்டு முகவரியிலோ ஹாஸ்டல் முகவரியிலோ, எங்கே வேண்டுமோ அங்கே அவர் பதிந்துகொள்ளலாம், ஒன்றில் மட்டும். ஹாஸ்டல் என்றால் படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாக, குறைந்தது ஓராண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரி முதல்வரோ பதிவாளரோ தரும் சான்றை இணைக்க வேண்டும். அவருக்கு இதுவே முதல் பதிவு என்றால் படிவம் 6. 18 வயது நிறைவுக்கு ஜனவரி 1-ஐ மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தேர்தல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அப்போது ஹாஸ்டல் மூடியிருந்தால்? விடுமுறையில் உங்களோடு இருப்பார் என்றால் பள்ளிக்கரணை முகவரியே நல்லது.

2024-இல் தருமபுரியில் 81 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். உங்கள் பள்ளிக்கரணை அடங்கிய தென்சென்னையில் 54-தான். உடனே ‘நகரத்து மக்களுக்கு அக்கறை இல்லை’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பேரணி, கோலப்போட்டி, உறுதிமொழி எல்லாம் நடக்கிறது. ஆனால் ஒருவர் வீடு மாறும்போது கேஸ் இணைப்பு மாறுகிறது, பள்ளி மாறுகிறது, ஓட்டு மட்டும் தானாக மாறுவதில்லை. போனவரின் பெயர் பழைய பட்டியலில் கிடந்து அங்கேயும் வாக்குச் சதவீதத்தைக் குறைக்கிறது. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்டப்போவதாக 2022 டிசம்பர் இறுதியில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. 2024 தேர்தலில் அது வரவில்லை. பள்ளியில் சேர்க்கும்போதும் ஆதார் முகவரி மாற்றும்போதும் ஒரு படிவம் 8-ஐக் கையில் கொடுத்தால், நூறு பேரணி செய்யாததை அது செய்யும். இதை ஏன் இன்னும் செய்யவில்லை என்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். ஆட்சேபனைக்கு ஏழு நாள் விட வேண்டியிருப்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது மனு உள்ளே போயிருக்க வேண்டும். பி.எல்.ஓ. விசாரிக்க வரும்போது வீடு பூட்டியிருந்தால் மனு தள்ளுபடியாகவும் வாய்ப்பு உண்டு. பகலில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், அவரை நீங்களே கூப்பிட்டு நேரம் சொல்லிவிடுங்கள். அவர் எண் தெரியவில்லையென்றால் 1950-க்கு அழைத்துக் கேளுங்கள்.