தமிழ் ஆய்வேட்டுக்குத் துணைநூற்பட்டியலை எப்படி அடுக்குவது?

தமிழில் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கப்போகிறேன், 140 நூல் இருக்கிறது, நூல் விவரத்தை ஏ.பி.ஏ. முறையில் எழுதுவதா எம்.எல்.ஏ. முறையில் எழுதுவதா, அகரவரிசையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பேராசிரியர் இல்லை. மதுரையில் தேனி ரோட்டில், பல்கலைக்கழகம் போகிற வழியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு டைப் செய்து, ப்ரூஃப் எடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் நெறியாளர்கள் எந்த இடத்தில் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

முதல் கேள்விக்கு உங்கள் நெறியாளர்தான் பதில் சொல்ல வேண்டும். (எம்.எல்.ஏ. என்றாலே எங்கள் பைண்டிங் அண்ணன் “எந்தத் தொகுதி?” என்பார். பல தொகுதி நூலாக இருந்தால் நெறியாளரும் அதையேதான் கேட்பார்.) ஏ.பி.ஏ.யில் ஆசிரியர் பெயரை ஒட்டியே ஆண்டு வரும், எம்.எல்.ஏ.யில் ஆண்டு பின்னால் போகும். 2019-இல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊரை எடுத்துவிட்டார்கள். தமிழ்த்துறைப் பழைய ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஊர், ஆண்டு என்றுதான் இருக்கும். மூன்றில் எதுவானாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள். கமாவும் புள்ளியும் ஒரு மாலை வேலை.

பெயர்தான் பெரிய தலைவலி. அந்த முறைகள் குடும்பப்பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நமக்கு ஏது குடும்பப்பெயர்? க. முருகேசன் என்று ஒருவர் இருப்பதாக வையுங்கள். ‘க.’ அவருடைய அப்பா கந்தசாமி. பட்டியலில் ‘முருகேசன், க.’ என்று வரவேண்டும். அவரே ஆங்கிலக் கட்டுரையில் முருகேசன் கந்தசாமி என்று விரித்துப் போட்டிருந்தால், ஸோடெரோ மாதிரி துணைநூற்பட்டியல் தயாரிக்கிற மென்பொருள் கந்தசாமியைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். கட்டுரை மகனுடையது, பெயர் அப்பாவுக்கு! உ.வே. சாமிநாதையரில் உ. என்பது உத்தமதானபுரம், வே. என்பது தந்தை வேங்கடசுப்பையர். ஊரையும் தந்தையையும் பின்னால் தள்ளி, சாமிநாதையர், உ.வே. என்று ‘சா’வில் வைக்க வேண்டும். ஸோடெரோவில் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும். இணையத்திலிருந்து தானாக வந்து விழுந்ததை அப்படியே நம்பாமல் இரண்டையும் கையால் திருத்துங்கள்.

அப்புறம், ஒரே ஆசிரியர் ஒரு நூலில் இராமசாமி, இன்னொன்றில் ராமசாமி. ஜெயராமன் வேறொரு அட்டையில் செயராமன். அட்டையில் உள்ளபடியே அடித்தால் ஒரே ஆள் பட்டியலில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, மற்றதைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போட்டால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமா? நானும் ஒருமுறை அப்படித்தான் நம்பினேன். அப்போது எல்லாமே பாமினி எழுத்துருதான். மறுநாள் காலையில் ஒரு அக்கா ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து ‘சார்ட்’ பொத்தானை அழுத்தினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் நடராசன் முதலில், அடுத்து கண்ணன், பழனி, தமிழரசி, மணி, அதற்குப் பிறகு அரங்கசாமி! பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘ந’வுக்கு ஈ விசை, ‘க’வுக்கு எஃப், ‘அ’வுக்கு எம். கம்ப்யூட்டர் ஆங்கில வரிசைப்படி ஒழுங்காகத்தான் அடுக்கியது. ஒற்றைக்கொம்பை முதலில் அடிப்பதால் தெய்வநாயகமும் செல்வமும் அண்ணன் தம்பி மாதிரி அடுத்தடுத்து நின்றார்கள். அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கத்தரிக்கோலை எடுத்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பட்டியலைப் பட்டை பட்டையாக வெட்டித் தரையில் பரப்பினோம். அவர் ‘அ’ முதல் ‘ச’ வரை, நான் மிச்சம். வியர்த்து ஊற்றியது. இரண்டு மணிக்கு முடித்து, அந்த வரிசைப்படி மறுபடி அடித்தேன்.

இப்போது யூனிகோடு வந்துவிட்டதே என்பீர்கள். பாதி நிம்மதிதான். யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. ‘ந’வுக்கு அடுத்த எண் ‘ன’வுக்கு. புள்ளிக்கு உயிர்மெய்க் குறிகளையெல்லாம் தாண்டிய எண். எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மென்பொருளில் அபிராமி முன்னாலும் அப்பாத்துரை பின்னாலும் வருவார்கள். நம் அகராதி முறையில் ‘அப்’ முந்தி, ‘அபி’ பிந்தி. மனோகரன் மருதுவுக்கு முன்னால் ஏறிவிடுவார். ‘ன’ கடைசி எழுத்து, அவர் மருதுவுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தமிழ் வரிசை தெரிந்த மென்பொருளும் இருக்கிறது. உங்களுடையது எது என்று அறிய இந்த நான்கு பெயரையும் அடித்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில நூல்களை இதில் கலக்காமல் தனித் தலைப்பில் வையுங்கள்.

பழைய நூல் எடுத்திருந்தால் ஆண்டைப் பாருங்கள். முகப்புப் பக்கத்தில் ‘பிலவ வருடம்’ என்று மட்டும் இருக்கும். பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கம் தொடங்கிய 1901 பிலவ; 1961, 2021-ம் பிலவதான். எந்தச் சுற்று என்பதை அச்சுக்கூடம், முன்னுரை இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். ‘தை’ என்றும் போட்டிருந்தால் அது 1902 ஆகிவிடும், சித்திரையில்தானே வருடம் பிறக்கிறது. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31-ஐக் கழித்தால் நம் கணக்கு வரும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டத்தின் மின்னூலிலிருந்து எடுத்திருந்தால் அச்சு நூலின் பக்க எண்ணைக் கற்பனையில் போடாதீர்கள்; பாடல் எண்ணும் அடியும் கொடுங்கள். (1998 பொங்கலில் தொடங்கிய அந்தத் திட்டம் பெயரில் மட்டும்தான் மதுரை. “எந்தத் தெருவில் இருக்கிறது?” என்று என் கடையில் கேட்டவர்கள் உண்டு.)

அடிக்குறிப்பில் ‘மேலது’ (மேலே சொன்ன அதே நூல்) போடுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவையுங்கள். நடுவில் ஒரு பத்தியை வெட்டி வேறு இயலுக்குக் கொண்டுபோனால், அதற்குக் கீழே இருந்த ‘மேலது’ யாரோ ஒருவருடைய நூலைக் காட்டிக்கொண்டு நிற்கும். முழு விவரத்தையே எழுதி வைத்து, ஆய்வேடு அசையாது என்று ஆனபிறகு சுருக்கலாம்.

கடையில் கொடுத்தால் செய்துதருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்வோம். 140 பதிவை அடிக்க எனக்கு ஒரு பகல் போதும். ஆனால் நூல்களின் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள். “பேர் ஞாபகம் இருக்கு, வருஷம் அப்புறம் சொல்றேன் அக்கா” என்று போனவர்களின் பட்டியல் இரண்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.